கடவுச்சொல் தெரிந்தால் கணக்கு நம்முடையதா?

“பாஸ்வேர்டை அவனேதான் சார் கொடுத்தான். நான் எங்கே திருடினேன்?”

ஆறாம் வகுப்புக்கு மேல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. “என் ஐடி போச்சு” என்று ஒரு மாணவர் கண் கலங்கி நிற்பார். ‘ஐடி’ என்று மாணவர்கள் சொல்வது இணைய விளையாட்டில் அவரவருக்கு உள்ள கணக்கை. மாதக்கணக்கில் ஆடித் தாண்டிய நிலைகள், சேர்த்த ஆடைகள், ஆயுதங்கள், காசு கொடுத்து வாங்கிய ‘டைமண்ட்’ எல்லாம் அதற்குள் இருக்கும். விசாரித்தால், பக்கத்து பெஞ்ச் மாணவர் அதைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்.

“விளையாட்டுதானே, விடுப்பா” என்று அனுப்பிவிடுவது எளிது. “போலீசில் சொல்லிவிடுவேன்” என்று மிரட்டுவதும் எளிது. இரண்டாலும் பயனில்லை. முதலாவது, இழந்தவரைக் கைவிடுகிறது. இரண்டாவது, தவறு செய்தவரைப் பொய் சொல்ல வைக்கிறது. இதில் சட்டம் என்ன சொல்கிறது, பிள்ளைகளைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்ற இரண்டையும் நாம் தெரிந்து வைத்திருந்தால் சரியாகப் பேச முடியும்.

ஒரே கைப்பேசி, பல கணக்குகள்

காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊரில் இதன் கனம் கூடுதல். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் தறி போட்டிருக்கும் குடும்பங்கள் பலவற்றில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். சேலைக்கான டிசைன் படம் அதில்தான் வரும். கூலி வங்கியில் ஏறிய குறுஞ்செய்தியும் அதில்தான் வரும். மாலையில் பிள்ளை விளையாடுவதும் அதில்தான். விளையாட்டுக் கணக்கு அப்பாவின் மின்னஞ்சலோடும் எண்ணோடும் இணைந்திருக்கும். பல வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்தான் இருக்கும். ஆகவே, ‘ஐடி’ பறிபோகும்போது விளையாட்டு மட்டும் போகிறது என்று நினைக்க முடியாது. பல நாள் உட்கார்ந்து நெய்த ஒரு சேலையின் கூலிக்கும் அந்த வழியாகக் கை நீள முடியும்.

எப்படியெல்லாம் நடக்கிறது?

மாணவர்களிடையே இது பொதுவாக நான்கு வகையில் நடக்கிறது. ஒன்று, நண்பர் நம்பிக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றி, கணக்கைத் தனதாக்கிக்கொள்வது. இரண்டு, தட்டச்சு செய்யும்போது எட்டிப் பார்த்து, பிறகு ரகசியமாக நுழைவது. மூன்று, “இலவச டைமண்ட்” என்று போலி இணைப்பை அனுப்பி விவரங்களைப் பறிப்பது. நான்கு, பிறருடைய கணக்கை மூன்றாம் நபருக்கு விற்பது. இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. கைப்பற்றிய கணக்கிலிருந்து, உரியவரின் பெயரிலேயே மற்றவர்களோடு பேசிப் பணமோ படமோ கேட்பது. விளையாட்டு என்ற எல்லை அங்கே முடிந்துவிடுகிறது.

சட்டத்தின் பார்வை

“விளையாட்டுக் கணக்கு” என்று தனியாக ஒரு சட்டப் பிரிவு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இவற்றைப் பொதுவாகவே எடுத்துக்கொள்கிறது.

பிரிவு 43: உரியவரின் அனுமதியின்றி கணினியிலோ வலையமைப்பிலோ நுழைந்தால், தகவலை எடுத்தால், அழித்தால் இழப்பீடு தர வேண்டும். கைப்பேசியும் சட்டப்படி இதில் அடங்கும். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பு அலுவலராக மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் இருக்கிறார்.

பிரிவு 66: அதே செயலை நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால் அது குற்றமாகிறது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 66சி: பிறருடைய கடவுச்சொல்லை, அல்லது அவரை அடையாளம் காட்டும் வேறு தனி விவரத்தை, மோசடியாகவோ நேர்மையற்ற முறையிலோ பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும்.

பிரிவு 66டி: கணினி அல்லது கைப்பேசி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றினால் அதே அளவு தண்டனை.

66சி, 66டி இரண்டும் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தவை. இவை காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, அதே சமயம் பிணையில் விடக்கூடிய குற்றங்கள். ஏமாற்றுதல், ஆள்மாறாட்டம், மிரட்டல் ஆகியவை சேர்ந்தால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் பொருந்தும்.

மாணவரின் கேள்விக்கு இந்தப் பிரிவுகளிலேயே விடை இருக்கிறது. “மோசடியாக அல்லது நேர்மையற்ற முறையில்” என்ற சொற்கள்தான் திறவுகோல். நண்பர் சம்மதத்தோடு அவர் கணக்கில் ஒரு ஆட்டம் ஆடுவது இந்தப் பிரிவுகளின்படி குற்றமாகாது. விளையாட்டு நிறுவனத்தின் விதிக்கு மாறாக இருக்கலாம், கணக்கு முடக்கப்படலாம், அவ்வளவுதான். அந்தச் சம்மதத்தைப் பயன்படுத்தி உரியவரையே வெளியே தள்ளும்போது சட்டத்துக்குள் வருகிறோம்.

இதை வகுப்பில் விளக்க ஓர் உள்ளூர் உதாரணம் போதும். கோயிலுக்குப் போகிறோம். செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்குகிறோம். கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று டோக்கனை நண்பரிடம் கொடுத்து வைக்கிறோம். அவர் முன்னதாக வெளியே வந்து, நம் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால்? “டோக்கனை நீதானே கொடுத்தாய்” என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இதற்குச் சரியான பதில் சொல்லும். கடவுச்சொல்லும் அந்த டோக்கன் போன்றதுதான்.

திரையில் உள்ளது பொருளா?

“அது வெறும் படம்தானே சார், நிஜப் பொருளா?” என்பது அடுத்த கேள்வி. இதே கேள்வி நெதர்லாந்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2007ஆம் ஆண்டு லியூவார்டன் நகரில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை வேறு இரு சிறுவர்கள் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டினார்கள். ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் அவன் சேர்த்திருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். “அவை தொட்டு உணரக்கூடிய பொருள்கள் அல்ல, எனவே திருட்டு அல்ல” என்று வாதிடப்பட்டது. 2012 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்தச் சிறுவன் செலவிட்ட நேரமும் உழைப்பும் அவற்றுக்கு மதிப்பைத் தந்தன. அவை அவன் ஒருவன் கட்டுப்பாட்டில் இருந்தன. அந்தக் கட்டுப்பாடு பறிக்கப்பட்டது. ஆகவே அது திருட்டு என்றது. தண்டனை சிறையல்ல, சமூகப் பணி.

நம் நாட்டில், பழைய இந்திய தண்டனைச் சட்டம் அசையும் பொருள் என்றால் உருவமுள்ள பொருள் என்றே சொன்னது. புதிய சன்ஹிதாவில் அந்த “உருவமுள்ள” என்ற சொல் நீக்கப்பட்டிருக்கிறது. இது எதுவரை நீளும் என்பதை வருங்காலத் தீர்ப்புகள்தான் சொல்லும். எப்படியானாலும், 66சி பிரிவுக்கு உள்ளே இருந்த பொருளின் மதிப்பு தேவையில்லை. பிறருடைய கடவுச்சொல்லைத் தவறாகப் பயன்படுத்தியதே போதும்.

“யாருக்குத் தெரியப்போகிறது?” என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே விடை உண்டு. 2004ஆம் ஆண்டு சென்னை எழும்பூர் நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் ஒருவருக்குத் தண்டனை வழங்கியது. ஒரு பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் கணக்கு தொடங்கி அவரைத் துன்புறுத்திய வழக்கு அது. இணைய மையத்தில் உட்கார்ந்து அனுப்பியவரைக்கூட மின்னணுச் சான்றுகளைக் கொண்டு கண்டுபிடித்து, புகார் பதிவான ஏறத்தாழ 7 மாதங்களில் வழக்கை முடித்தார்கள். ஸ்மார்ட்போன் வராத காலத்திலேயே அது முடிந்தது.

பிள்ளைகள் செய்தால்?

இங்கேதான் ஆசிரியர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. 7 முதல் 12 வயது வரை, செயலின் விளைவை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும். 18 வயது நிறையாத எவரும் இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் கீழ்தான் வருவார்.

அந்தச் சட்டத்தில், 3 ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றம் ‘சிறு குற்றம்’. நாம் பார்த்த தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமம் சுருக்கமான முறையில் விசாரிக்கும். அறிவுரை சொல்லி அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூகப் பணி செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். இத்தகைய நடவடிக்கையால் பிள்ளையின் எதிர்காலப் படிப்புக்கோ வேலைக்கோ சட்டப்படி தகுதியிழப்பு வராது.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் 18 வயது நிறைந்த மாணவர் இருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. பிள்ளைகளைத் தூண்டிவிட்டுக் கணக்குகளைத் திருடி விற்கும் பெரியவர் இருந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 83இன்படி அவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் அபராதமும் உண்டு.

பள்ளியில் புகார் வந்தால்

முதலில் இரு மாணவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுவோம். வகுப்பின் முன் நிறுத்த வேண்டாம்.

உரையாடல்களையும் செய்திகளையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லி, தேதி தெரியுமாறு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்வோம். மாணவரின் கடவுச்சொல்லை வாங்கி நாமே கணக்கைத் திறந்து பார்ப்பது, கைப்பேசியைப் பிடுங்கிப் படங்களைத் தேடுவது இரண்டும் கூடாது. மாணவரும் பெற்றோரும் உடனிருக்க, அவர்கள் கையால் திறந்து காட்டட்டும்.

கணக்கைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, இணைந்துள்ள மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்வோம்.

பணம் போயிருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போனால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஓடிபி எண்ணைத் தாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது அவருடைய இழப்பு. சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எனவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எழுத்து மூலமான புகாருக்கு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது.

மாணவர்களுக்குள் நடந்து, திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, பெற்றோர் பேசித் தீர்ந்தால் அது நல்ல முடிவு. ஆனால் மிரட்டல், பெருந்தொகை, வெளியாள் தொடர்பு இருந்தால் பள்ளிக்குள் சமரசம் பேசி முடிக்கக் கூடாது. கைப்பற்றிய கணக்கின் வழியாக ஒரு பிள்ளையிடம் ஆபாசப் படம் கேட்டது தெரிந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கட்டாயக் கடமை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 எப்போதும் இருக்கிறது.

இன்னொன்று நமக்கே நமக்கானது. பிரிவு 74இன்படி, இத்தகைய விசாரணையில் உள்ள பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் தெரியும் எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது. ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு படம் ஊர் முழுக்கப் போக ஒரு மாலைப் பொழுது போதும்.

ஒரு பாடவேளை

நாற்பது நிமிடத்தில் இதை வகுப்புக்குக் கொண்டுபோகலாம். நான்கு சூழல்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்: சம்மதத்தோடு ஒரு ஆட்டம் ஆடியது, கடவுச்சொல்லை மாற்றியது, கணக்கை 500 ரூபாய்க்கு விற்றது, நண்பர் பெயரில் செய்தி அனுப்பியது. எது தவறு, எது குற்றம், இழந்தவருக்கு எதைத் திருப்பித் தர முடியும், எதைத் தர முடியாது என்று குழுவாகப் பேசட்டும். கடைசிக் கேள்வியில்தான் வகுப்பு அமைதியாகும். டைமண்டைத் திருப்பித் தரலாம். நண்பர் பெயரில் போன செய்தியைத் திரும்ப வாங்க முடியாது.

பாடவேளை முடியும் முன் ஒரு வேலை கொடுங்கள்: வீட்டில் உள்ள கைப்பேசியில் வங்கிக்கும் விளையாட்டுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் இருக்கிறதா என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும். கடவுச்சொல்லை நம்மிடம் சொல்ல வேண்டாம். பார்த்தாயிற்று என்று மட்டும் சொன்னால் போதும்.