பனியை உடைக்காத கப்பல்

அண்டார்க்டிகாவுக்குச் செல்லும் கப்பல் என்றதும், உறைந்த கடலைப் பிளந்துகொண்டு முன்னேறும் ஒரு பேருருவம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், அங்கே பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் பெரும்பாலானவை பனியை உடைக்கக் கட்டப்பட்டவை அல்ல. பனி உரசினால் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை. இந்த வேறுபாடு பிடிபட்டால், அந்தக் கப்பலின் அமைப்பும் அதில் நடக்கும் அன்றாட வாழ்க்கையும் எளிதில் விளங்கிவிடும்.

ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பயண நிறுவனம் நடத்திய லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட், 1966இல் அர்ஜென்டினக் கடற்படைக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுற்றுலாப் பயணிகளை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துச் சென்றார். அடுத்து, இத்தகைய பயணங்களுக்கென்றே ஒரு கப்பலைக் கட்டச் செய்தார். 1969இல் ஃபின்லாந்தில் உருவான 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' சிவப்பு நிறம் கொண்டது. நீளம் ஏறக்குறைய 75 மீட்டர். ஏறக்கூடிய பயணிகள் நூறு பேர் அளவில். இன்றைய துருவப் பயணக் கப்பல்களுக்கெல்லாம் முன்னோடி அதுதான்.

எஃகில் இருக்கும் பலம்

பனி உடைக்கும் கப்பலின் முன்பகுதி சரிவாக இருக்கும். அது பனிப்பரப்பின்மீது ஏறி, தன் எடையால் அழுத்தி உடைக்கும். இதற்கு மிகப் பெரிய இயந்திர ஆற்றல் வேண்டும். ரஷ்யாவின் அணுசக்திக் கப்பலான '50 லெட் பபேதி' 75,000 குதிரைத்திறன் கொண்டது. சிறிய பயணக் கப்பலிடம் அந்த ஆற்றல் இல்லை.

அதற்குப் பதிலாக, நீர்மட்டத்தை ஒட்டிக் கப்பலைச் சுற்றிலும் கனமான எஃகுத் தகடுகளைப் பட்டைபோலப் பொருத்துகிறார்கள். தகடுகளை உள்ளிருந்து தாங்கும் விலாச் சட்டங்களை நெருக்கமாக அமைக்கிறார்கள். சாதாரண எஃகு கடுங்குளிரில் எளிதில் விரிசல்விடும் என்பதால், குளிரிலும் உறுதி குன்றாத எஃகைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புரொப்பல்லரின் இதழ்களும் தடிமனாக இருக்கும். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் வாயில் பனிக்கூழ் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே, சூடேறி வெளியேறும் நீரில் ஒரு பகுதியை அங்கேயே திருப்பிவிட்டு அடைப்பைக் கரைக்கிறார்கள்.

எவ்வளவு பனியைக் கப்பல் தாங்கும் என்பதற்குத் தரவரிசைகள் இருக்கின்றன. ஃபின்லாந்தும் ஸ்வீடனும் வகுத்த முறையில் 1ஏ என்பது 0.8 மீட்டர், 1பி 0.6 மீட்டர், 1சி 0.4 மீட்டர் கனமுள்ள ஓராண்டுப் பனியைக் கணக்கில் கொண்டது. 'ஓராண்டு' என்ற சொல் இங்கே முக்கியம். புதிதாக உறைந்த கடல்நீருக்குள் உப்புநீர்ப் பைகள் இருப்பதால் அது ஒப்பீட்டளவில் பலவீனமானது. கோடைகளைக் கடந்த பனியிலிருந்து உப்பு வடிந்துவிடுவதால் அது கடினமாகிறது. நிலத்தில் பனிப்பொழிவு அடுக்கடுக்காக அழுந்தி உருவான பனியாற்றின் துண்டோ கருங்கல்போல இறுகியது. அதில் நீர்மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர்கூடத் தெரியாத துண்டுகள்தான் மாலுமிகளுக்கு அதிகம் கவலை தருபவை. அலை எழும்போது அவை ரேடாரிலும் சிக்காமல் போகலாம். ஆகவே, இருள் சூழ்ந்தால் தேடுவிளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

கப்பலில் ஒரு நாள்

பெரும்பாலான பயணங்கள் அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவையா துறைமுகத்தில் தொடங்குகின்றன. முதல் இரண்டு நாட்கள் டிரேக் நீரிணையில் கழியும். தென்கடலின் அலைகளைத் தடுக்க அங்கே நிலமே இல்லை. சிறிய கப்பல் கடுமையாக ஆடும். கைப்பிடிக் கம்பியைப் பற்றாமல் நடைவழியில் நடக்க முடியாது. வாந்தி வருபவர்களுக்கென்று அந்தக் கம்பிகளிலேயே காகிதப் பைகளைச் செருகி வைத்திருப்பார்கள்.

அந்த நாட்களில்தான் முக்கியமான ஒரு வேலையும் நடக்கும். ஒவ்வொருவரின் மேலாடை, பை, காலணி ஆகியவற்றை ஊழியர்கள் சோதித்து, மடிப்புகளில் ஒளிந்திருக்கும் விதைகளையும் மண்ணையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பார்கள். கிங் ஜார்ஜ் தீவில் மனிதர்கள் வழியாக வந்த வெளியூர்ப் புல் ஒன்று ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. ஒரு விதைகூட அங்கே அற்பமானதல்ல.

பனிப்பகுதிக்குள் நுழைந்த பிறகு, அடுத்த நாள் எங்கே இறங்குவது என்பதைக் காற்றும் பனியும் தீர்மானிக்கும். மாலையில் பயணத் தலைவர் திட்டத்தை அறிவிப்பார். விடிவதற்குள் ஒரு விரிகுடாவைப் பனி அடைத்திருந்தால் திட்டம் மாறும். பல கப்பல்களில் பயணிகள் கட்டுப்பாட்டறைக்கே சென்று, கேப்டன் பனியினூடே வழி தேடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

கரைக்குச் செல்ல ஸோடியாக் எனப்படும் காற்றடைத்த ரப்பர் படகுகள்தான். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்துப் பேர். ஏறும்போது விரல்களைப் பிடிக்காமல் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றிக்கொள்ள வேண்டும். கை ஈரமாக இருந்தாலும் பிடி நழுவாது. திரும்பும்போது யாரும் விட்டுப்போகாமல் இருக்க, இறங்கியவர்களையும் ஏறியவர்களையும் கணக்கெடுப்பார்கள்.

சிறியதாக இருப்பதன் பயன்

1991இல் தொடங்கப்பட்ட அண்டார்க்டிகா சுற்றுலா இயக்குநர்களின் சர்வதேசச் சங்கம், ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது என்று வரையறுத்துள்ளது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிச்செல்லும் கப்பல்கள் அவர்களைக் கரையில் இறக்கவே முடியாது. நூறு பேர் உள்ள கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். அதற்கு மேல் என்றால் முறைவைத்துக் காத்திருக்க வேண்டும். பென்குயினிடமிருந்து 5 மீட்டர் விலகி நிற்பது, அது நடந்துவரும் பாதையில் குறுக்கிடாமல் வழிவிடுவது ஆகியவை கட்டாயம். பறவைக் காய்ச்சல் அண்டார்க்டிகாவை எட்டிய பிறகு, தரையில் உட்காரவும் பைகளை வைக்கவும்கூடத் தடை வந்தது. கனரக எரிஎண்ணெயில் கப்பல் ஓட்டுவது 2011 ஆகஸ்டிலிருந்து அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது.

இரண்டு பாடங்கள்

முன்னோடிக் கப்பலின் முடிவே பெரிய பாடமானது. பின்னாளில் 'எக்ஸ்ப்ளோரர்' என்றே அழைக்கப்பட்ட அது, 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் படகுகளில் மணிக்கணக்கில் குளிரில் காத்திருந்து, 'நார்ட்நார்கே' என்ற கப்பலால் மீட்கப்பட்டனர். எதிரே இருந்தது கடினமான நிலப்பனி என்பதை உணராமல், ஓராண்டுப் பனி என்று தவறாகக் கணித்ததே விபத்துக்குக் காரணமென விசாரணை அறிக்கை கூறியது.

2013 டிசம்பர் இறுதியில் 'அகாதெமிக் ஷொகால்ஸ்கி' என்ற ரஷ்யக் கப்பல், காற்று குவித்த பனிக்குள் சிக்கியது. உதவிக்கு வந்த சீனாவின் பனி உடைக்கும் கப்பலின் ஹெலிகாப்டர்தான் 52 பயணிகளை வெளியே கொண்டுசென்றது. பின்னர் அந்தச் சீனக் கப்பலும் சிக்கிக்கொண்டது. காற்று திசை மாறிய பிறகே இரண்டும் விடுபட்டன. எஃகின் பலத்துக்கும் எல்லை உண்டு. துருவக் கடல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, கப்பலின் அமைப்பு, உயிர்காப்புக் கருவிகள், மாலுமிகளின் பயிற்சி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது.

இன்று ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அண்டார்க்டிகாவுக்குப் போகிறார்கள். நீங்களும் போக நினைத்தால், அறையின் வசதியை விசாரிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கப்பலின் பனித்தரம் என்ன, பயணிகள் எத்தனை பேர், கேப்டனுக்குப் பனிக்கடல் அனுபவம் எவ்வளவு? இவற்றுக்குத் தெளிவான பதில் தரும் கப்பலில் மட்டும் ஏறுங்கள்.