சந்திரனும் வேலமரமும்

திருவேற்காடு என்னும் பெயருக்கு வேலமரங்கள் நிறைந்த காடு என்பது பொருள். அங்குள்ள வேதபுரீசுவரர் ஆலயத்தின் தலவிருட்சமும் வெள்வேல மரமே. இன்று காடு இல்லை. பெயர் மாத்திரம் இருக்கிறது. அவ்வூர் வழியே ஓடும் கூவத்தின் கதியும் அதுவே. 1949-ஆம் வருஷத்தில் அந்நதியில் 49 வகை மீன்கள் கணக்கிடப்பட்டன. முப்பது வருஷங்களுக்குள் அத்தொகை 21 ஆயிற்று. அன்று எவரோ எண்ணி எழுதி வைத்திராவிடில், நாம் இழந்தது இன்னதென்பதையும் அறிந்திருக்கமாட்டோம்.

2023-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ஆம் தேதி சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியபோது தேசமே பூரித்தது. அத்திட்டத்தை நடத்தியவர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்பது தமிழர்க்குத் தனிப் பெருமை. அதற்கான சுமார் 615 கோடி ரூபாயை வீண் செலவென்று நாம் சொல்லமாட்டோம். புயலை முன்னறிந்து கரையோர ஜனங்களைக் காப்பதும், மீன் கிடைக்கும் இடத்தை மீனவர்க்குக் காட்டுவதும் வானில் சுற்றும் துணைக்கோள்களின் உதவியாலன்றோ?

ஆயினும் சர்க்காரின் வரவு செலவுக் கணக்கை நோக்குங்கள். 2025-26-ஆம் வருஷத் திட்டத்தில் விண்வெளித் துறைக்குச் சுமார் 13,400 கோடி ரூபாய். சுற்றுச்சூழல், வன அமைச்சு முழுமைக்கும் சுமார் 3,400 கோடி ரூபாய். புலி, யானை, காடு, மாசுத் தடுப்பு ஆகிய அனைத்தும் இச்சிறு தொகையில் அடங்கவேண்டும். நாட்டின் தாவரங்களை ஆராய 1890-லும், ஜந்துக்களை ஆராய 1916-லும் ஏற்பட்ட இரு பழம்பெரும் ஸ்தாபனங்களும் இதிலேயே தங்கள் பங்கைப் பெறவேண்டும்.

துணைக்கோளே காட்டையும் அளந்துவிடுமே என்பர் சிலர். அது மரத்தின் தழையைக் காணும்; அடியில் ஊரும் நத்தையை இன்ன இனமென்று சொல்லாது. அதற்குப் பயிற்சி பெற்ற மனிதன் மண்ணில் மண்டியிட்டே தீரவேண்டும். மேலும், சந்திரன் நாளையும் இருக்கும். அழிந்த மீனினமோ திரும்பி வராது.

2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, திருவேற்காடு போன்ற நகரசபைகளும் தத்தம் எல்லையிலுள்ள உயிரினங்களுக்குப் பதிவேடு வைத்தல் வேண்டும். ஏட்டை எழுத ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். 2024-இல் சந்திரயான்-4 திட்டத்திற்கு 2,104 கோடி ரூபாய் அங்கீகரிக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு காசும் குறைக்கவேண்டாம். அத்தொகையில் நூற்றில் ஒரு பங்கிற்குச் சமமாக, 21 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டு நகரசபைகளின் பதிவேடுகளுக்கெனச் சர்க்கார் தனியே ஒதுக்கட்டும். கூவத்தில் எஞ்சியிருப்பவற்றையேனும் எண்ணிவிடலாம்.