கொம்பு இருக்கிறது, வேளா இல்லை

வேளாச்சுறாவைச் சுறா என்பது வாய்ப்பழக்கம்தான். செவுள் பிளவுகள் உடம்பின் அடிப்புறத்தில் இருப்பதால் அது திருக்கைக் கூட்டத்தைச் சேர்ந்தது. இலங்கைக் கரையோரக் கடற்றொழிலாளர்களிடம் விசாரித்து 2021இல் வெளியான ஆய்வொன்று, இந்நாட்டுக் கடலில் வேளா அநேகமாக அற்றுப்போய்விட்டது என்றது. கண்ணால் கண்டவர்கள் பெரும்பாலும் வயது போனவர்கள்.

இந்தக் கடலுக்குரிய வேளாக்களில் இரண்டை ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். வாள்போல் நீண்ட மூக்கான கொம்பின் அடியிலிருந்தே பல் தொடங்கினால் அது பெரும்பல் வேளா. அடிப்பகுதி மொட்டையாக இருந்து, பல் தட்டையாக முக்கோணமாக இருந்தால் ஒடுங்கிய வேளா. பெரியது 6 மீற்றருக்கும் மேல் வளரும். அதன் குட்டிகள் ஆற்று முகங்களிலும் நன்னீரிலும் வளர்பவை. கனகராயன் ஆறு விழும் சுண்டிக்குளம், பேராறு விழும் நந்திக்கடல் போன்ற களப்புகள் அவற்றுக்குத் தோதான இடமாக இருந்திருக்கலாம். இனம்பெருக்க 8 வயதுக்கு மேலும் ஆகலாம். சின்னதோ சுமார் 3.5 மீற்றர்; 2, 3 வயதிலேயே குட்டி போடும், ஒரு ஈற்றில் 20க்கு மேலும் போடக்கூடும்.

அப்படியானால் சின்னது தப்பியிருக்க வேண்டுமே? 2013இல் உலக அழிவுநிலை மதிப்பீட்டில் அதை 'அருகிவரும்' இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். பிந்திய மதிப்பீட்டில் அதுவும் பெரியதைப் போலவே 'மிக அருகிய' பட்டியலுக்கு வந்துவிட்டது. குட்டி போடும் வேகத்தை வலை முந்திவிட்டது, அவ்வளவுதான். இரை தேடவும் இரையை அடிக்கவும் உதவும் அதே கொம்பு, எந்தக் கண் வலையிலும் சிக்கிக்கொள்ளும். நைலோன் வலை வந்தபின் அறுத்துக்கொண்டு போகவும் வழியில்லை. இழுவைமடி கடலடியையே வழித்தெடுத்தது. இலங்கை அதை 2017இல்தான் சட்டத்தால் தடுத்தது. போர்க்காலத்தில் வன்னிக் கடல் கட்டுப்பாட்டில் கிடந்ததால் மீன் பெருகியது என்று பேசுவோர் உண்டு. வேளா விஷயத்தில் அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. பெருகுவதற்கு முதலில் தாய் மீன் மிஞ்சியிருக்க வேண்டும். இன்று இரண்டுக்கும் பெரிய புகலிடம் வட அவுஸ்திரேலியாதான்.

பரதவர் சுறாக்கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இன்றும் பழைய வீடுகளிலோ கோயில்களிலோ கொம்பு கிடந்தால், பல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். எந்த வேளா எங்கே வாழ்ந்தது என்பதற்கு அதுவும் சாட்சி. வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது, சர்வதேச வர்த்தகத்துக்குத் தடை உண்டு. உயிருடன் வலையில் அகப்பட்டால் கொம்பை வெட்டாமல் வலையை வெட்டுங்கள். கொம்பிழந்த வேளா இரை பிடிக்கத் திணறிப் பட்டினியால் சாகக்கூடும்.