நூலகமும் உக்கிராணத்துவமும்

நிதி குறையுங்கால் பல்கலைக்கழக நூலகங்கள் பெரும்பாலும் முதலில் நிறுத்துவது ஆய்விதழ்ச் சந்தாவையே. நூலை ஒருமுறை வாங்கினால் போதும். இதழுக்கோ ஆண்டுதோறும் பணம் செலுத்தவேண்டும். 2024இல் வருமான வரித் துறையினர் வங்கிக் கணக்குகளை முடக்கியதால், சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகம் நெருக்கடிக்குள்ளானதை நாம் அறிவோம்.

அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசு, அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கெல்லாம் பொதுவான சந்தாத் திட்டம் ஒன்றை ஏற்றது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். தனித்தனியே வாங்கியதைச் சேர்ந்து வாங்குதலே இதன் சாரம்.

தனியார் நிறுவனங்களாகிய நம் இறையியல் கல்லூரிகள் இதன் முதற்கட்டத்தில் இடம்பெறவில்லை. எனினும் அதன் நெறி நமக்கும் உரியதே. அடையாற்றை அடுத்த தரமணியில், ரோஜா முத்தையாவின் நூற்சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் காக்கப்பட்டது. மூலநூல்கள் சென்னையிலேயே இருக்க, நுண்படங்கள் அயல்நாட்டினர்க்கும் பயன்படுகின்றன.

நம் கல்லூரிகளும் பொதுவான நூற்பட்டியல் ஒன்றை அமைக்கலாம். எந்த இதழை எக்கல்லூரி வாங்குவதெனப் பகிர்ந்துகொள்ளலாம். கிராமப் போதகர்க்கு நூல்களை அஞ்சலில் அனுப்பலாம். இவற்றுக்குப் பெருநிதி வேண்டுவதில்லை, ஒருமனமே வேண்டும். அலமாரியில் பூட்டிய நூல், நிலத்தில் புதைத்த தாலந்தை ஒக்கும்.