நிர்ப்பீடனமும் நாம் வாழும் நிலமும்

உடலின் நோயெதிர்க்கும் ஆற்றலை ஈழத்துப் பாடநூல்கள் 'நிர்ப்பீடனம்' என்று குறிப்பிடும். அது பிறப்போடு வரும் சீதனம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஒலுவிலிலிருந்து மலேரியாவின் வரலாற்றைப் படிக்கும் எனக்கோ, அது பெரும்பாலும் நாம் வாழும் நிலமும் வாழும் முறையும் தருவது என்றே தோன்றுகிறது.

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டமிழந்து குட்டைகளாயின. அவற்றிலே மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியில் எழுந்த கொள்ளைநோய் 1935இல் தணிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாய்ந்தன. வியப்பு யாதெனில், பேரழிவு நிகழ்ந்தது காய்ச்சலுக்குப் பேர்போன வறண்ட வலயத்தின் நடுவிலன்று. கேகாலை, குருநாகல் பக்கத்திலே. அங்கே பலருடைய உடல் அக்கிருமியோடு பழகியிருக்கவில்லை. போதாக்குறைக்கு, வறட்சியும் உலகப் பொருளாதார மந்தமும் சோற்றுப்பானையைக் காலியாக்கியிருந்தன.

கீழ்மாகாணம் உள்ளிட்ட வறண்ட வலயத்தார் நிலைமை வேறு. மீண்டும் மீண்டும் நோயுற்றுத் தப்பிய உடல், குருதியிற் கிருமி இருக்கும்போதே எழுந்து வயலுக்குச் செல்லும் வலிமையைப் பெறுகிறது. அதற்குக் கொடுத்த விலையோ பெரிது. தாயிடமிருந்து பெற்ற காப்பு சில மாதங்களிற் கரைந்துவிடும். தமக்கென ஒரு காப்பு உருவாகுமுன் மடிந்த குழந்தைகள் எத்தனை! "பழைய உடம்பு உரமானது" என்று பெருமை பேசுவோர் தப்பியவர்களை மட்டுமே எண்ணுகின்றனர்.

பின்னர் டீ.டீ.ரீ. மருந்து வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். காவல் தளர்ந்தது, 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. நெடுமுயற்சிக்குப் பின், 2012இலே உள்நாட்டுத் தொற்று முற்றாக நின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

"அப்படியென்றால் சேர், அந்தச் சக்தி எங்களுக்கும் இருக்குமா?" என்று வகுப்பிலே ஒரு மாணவன் வினவினான். "இல்லை, மகன். உங்கட மூத்தவாப்பா காய்ச்சலோடு மல்லுக்கட்டிப் பெற்றது அவரோடு போயிற்று" என்றேன். நோய் தீண்டாத சில ஆண்டுகளிலேயே அக்காப்புத் தேய்ந்துவிடும். 1934இன் கேகாலை மக்களைப் போலவே இன்றைய ஒலுவில் இளைஞரும் அக்கிருமிக்குப் புதியவர்கள். ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ திரும்பியவர் காய்ச்சலுற்றால், பனடோல் விழுங்கிப் படுத்துவிடாது, சென்றுவந்த நாட்டை வைத்தியரிடம் கூறி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுவது இதனாலேயே.

2016இன் இறுதியில் மன்னாரிலே மலேரியாவைப் பரப்பவல்ல புதியதொரு நுளம்பினமும் கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றுக்குட்டையை எதிர்பாராது, கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிடும் இனம் அது. எங்கள் ஊரிலும் வளவுதோறும் கிணறுகள் உண்டு.