ஒரு காட்சியும் இரு கண்டனங்களும்

1976-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை. பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு தொடர் நாடகத்தின் பகுதி முடிவுக்கு வருகிறது. எதிரி ஒருவன் கதாநாயகருடைய தலையை நீருக்குள் அழுத்திப் பிடிக்கிறான். நீருக்கடியில் அவருடைய முகம் தெரிகிறது. படம் அப்படியே அசைவற்று நின்றுவிடுகிறது. மேற்கொண்டு என்ன ஆயிற்று என்பதை அறிய அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

அந்தத் தொடரின் பெயர் ‘டாக்டர் ஹூ’. காலத்திலும் வெளியிலும் விரும்பியவாறு பயணம் செய்யும் டாக்டர் என்பவரைப் பற்றிய விஞ்ஞானக் கற்பனை அது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்ட மறுநாள், அதன் முதற் பகுதி வெளியாயிற்று. அந்த முதற் கதையை இயக்கியவர் நமது லக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன் என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். குழந்தைகளும் பெற்றோரும் ஒன்றாய் அமர்ந்து மாலைச் சிற்றுண்டி வேளையில் பார்ப்பதற்கென்றே அமைந்த நிகழ்ச்சி அது.

நான் குறிப்பிட்ட காட்சி ‘தி டெட்லி அசாசின்’ என்னும் நான்கு பகுதிக் கதையில் மூன்றாம் பகுதியின் முடிவு. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். டாக்டராக நடித்தவர் டாம் பேக்கர். டாக்டர் தம் இனத்தாராகிய காலாதிபதிகளின் உலகத்துக்குத் திரும்புகிறார். அங்கே அவர்களுடைய தலைவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். பழி டாக்டர் மீது விழுகிறது. உண்மைக் குற்றவாளியைத் தேடி, இறந்த காலாதிபதிகளின் எண்ணங்கள் சேர்ந்து கிடக்கும் ‘மாட்ரிக்ஸ்’ என்ற யந்திரத்தின் கனவுலகுக்குள் அவர் நுழைகிறார். மூன்றாம் பகுதியின் பெரும்பாகம் அந்தக் கனவுலகில் நடைபெறும் வேட்டைதான். வாரந்தோறும் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் இதைப் பார்த்தார்கள்.

இத்தனை பேர் பார்த்தார்கள் என்பது ஒரு கணக்கு. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வேறு கணக்கு. இரண்டாவதை அறிவதற்காக பி.பி.சி. 1936-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் சில்வி என்பவரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சிப் பிரிவை ஏற்படுத்தியிருந்தது. தேர்ந்தெடுத்த நேயர்கள் வினாத்தாளை நிரப்பி, நிகழ்ச்சிக்கு ஐந்து தரங்களில் ஒன்றை அளிப்பார்கள். அவற்றைக் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணாக்குவார்கள். நல்ல முறைதான். ஆனால் சராசரியில் கோபம் கரைந்து போய்விடுகிறது. பத்துப் பேர் ‘பரவாயில்லை’ என்று எழுதிய தாளுக்கு நடுவே ஒருவர் மனம் கொதித்து எழுதிய தாளும் ஓர் எண்ணாகவே நிற்கும். இந்தக் கதையிலோ கோபம் எண்களுக்கு வெளியே, இரண்டு திசைகளிலிருந்து வந்தது.

முதலாவது கோபம் மேரி ஒயிட்ஹவுஸ் அம்மையாருடையது. பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1965-இல் நேயர்களுக்கென ஒரு தேசிய சங்கத்தை நிறுவி, ஒலிபரப்பில் வன்முறையும் ஆபாசமும் கூடாதென்று போராடியவர். நீரில் மூழ்கும் காட்சியை அவர் வன்மையாக ஆட்சேபித்தார். அவரைக் கேலி செய்தவர்கள் ஏராளம். எனினும் அவருடைய வாதத்தைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். வன்முறை காட்டப்பட்டது என்பது மட்டும் அவர் குறை அன்று. படம் அந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதே பெருங்குறை. டாக்டர் பிழைத்துக்கொள்வார், இல்லாவிட்டால் தொடர் ஏது என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? மூழ்கிய முகத்தை அது ஒரு வாரம் முழுவதும் மனத்தில் சுமக்க வேண்டும் என்றார் அம்மையார். பி.பி.சி.யின் தலைமை இயக்குநர் சர் சார்லஸ் கரன் வருத்தம் தெரிவித்தார். மூலநாடாவிலும் அந்தக் காட்சியின் கடைசிப் பகுதி வெட்டப்பட்டது. தயாரிப்பாளர் பிலிப் ஹிஞ்ச்கிளிஃப் 1977-இல் வேறு பணிக்கு மாறினார். அவருக்குப் பின் வந்த கிரஹாம் வில்லியம்ஸுக்கு வன்முறையைக் குறைக்கும்படி உத்தரவாயிற்று. பயம் குறைந்து, நகைச்சுவை மிகுந்தது.

இரண்டாவது கோபம் அன்பர்களிடமிருந்தே வந்தது என்பதுதான் விந்தை. அதே ஆண்டில் தோன்றிய ரசிகர் சங்கத்தின் தலைவர், சங்க இதழில் இக்கதையைக் கடுமையாகத் தாக்கினார். நீரில் மூழ்கியதன்று அவர் கவலை. 1969-இல் ‘தி வார் கேம்ஸ்’ என்ற கதையில் காலாதிபதிகள் முதன்முதலில் தோன்றியபோது கடவுளரைப் போல் இருந்தார்கள். விபத்து நேராவிடில் என்றும் வாழ்பவர்கள் என்று சொல்லப்பட்டது. ஹோம்ஸ் எழுதியதிலோ, அவர்கள் உடை கனக்கிறது என்று முனகி, பதவிக்குச் சண்டையிடும் கிழவர்கள். பன்னிரண்டு முறைக்கு மேல் உடல் மாற இயலாது என்ற வரம்பும் புதிதாக வந்துவிட்டது. தொடரின் மாயமே போய்விட்டது என்று அவர் மனம் வெதும்பினார். நெடுநாள் கழித்து ஊர் திரும்புகிறவர், தெருக்கோடி வேப்பமரம் வெட்டப்பட்டிருக்கக் கண்டு கொள்ளும் கோபம் இது. வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஹோம்ஸின் பக்கமும் நியாயம் உண்டு. அந்த மேலான இனத்திலிருந்து அதுவரை கதைகளில் வந்தவர்கள் யாவர்? டாக்டரே ஓடிவந்தவர். மற்றவர்களில் சதிகாரனான மாஸ்டர் ஒருவன். உலகங்களைப் பிடிக்கத் துடித்த மோர்பியஸ் ஒருவன். இத்தகையோரை ஈன்ற சமூகம் வெளிப்பகட்டில் அல்லாமல் உள்ளே எப்படி மாசற்றதாக இருக்க முடியும்? ரசிகரின் நினைவைவிட ஆசிரியரின் தர்க்கம் இங்கே கூர்மையானது என்பது என் கருத்து.

பிற்காலத்து ரசிகர்களும் பெரும்பாலும் அப்படியே எண்ணினார்கள். வெறுக்கப்பட்ட கதை, தொடரின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்றாக வாக்கெடுப்புகளில் இடம் பெறலாயிற்று. பழித்துரைக்கப்பட்ட அந்தப் பன்னிரண்டு என்ற வரம்பு தொடரின் சட்டமாகவே நிலைத்தது. 2013-இல் அதைத் தாண்டுவதற்கென்றே தனியாக ஒரு கதை எழுத வேண்டியிருந்தது.

வெட்டப்பட்ட காட்சியும் பின்னர் வெளிவந்த வட்டுப் பதிப்பில் மீண்டும் சேர்க்கப்பட்டது. இன்று பார்ப்பவருக்கு டாக்டரின் முகம் நீருக்குள் நிற்கிறது, பெயர்கள் ஓடுகின்றன, உடனே நான்காம் பகுதி தொடங்கிவிடுகிறது. அம்மையார் அஞ்சிய அந்த ஏழு நாட்கள் மட்டும் அதில் இல்லை.