மொழிப் பாடமும் மென்பொருளும்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்க மென்பொருள் வடிவமைப்போர் முதலில் கேட்க வேண்டியது, இணைய இணைப்பு இல்லாத பள்ளியில் பாடம் நடக்குமா என்பதே. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள அரசின் 'கைட்' நிறுவனம் 2022-இல் அறிமுகப்படுத்திய 'இ-மொழி ஆய்வகம்' இதனைக் கருத்திற் கொண்டது. அது பள்ளியில் ஏற்கெனவே உள்ள கணினிகளிலேயே, இணையமின்றியும் இயங்கும்.

மாணவர் பாடத்தைக் கேட்டுத் தம் குரலைப் பதிவு செய்யலாம். நாற்பது பேர் கொண்ட வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில், ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடமே. குரற்பதிவின் அருமை இங்கேதான் விளங்கும்.

கட்டற்ற மென்பொருளில் அமைந்ததால் உரிமக் கட்டணம் மிச்சம். அதனினும் பெரிய ஆதாயம், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை. மூணாறுப் பகுதித் தமிழ்வழிப் பள்ளிக் குழந்தைக்கு ஆங்கிலப் பாடத்தை மலையாளத்தில் விளக்கினால் சுமை இரட்டிப்பாகும். விளக்கத்தைத் தமிழில் சேர்க்கும் வசதி ஆசிரியர் கையிலேயே இருத்தல் வேண்டும்.